தூக்கினால் போதுமா?

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு லைன் வீடு. அந்த வீட்டுப் பெரியவர் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவருடையது டிம்பர் வேலை. பாறை சரியாமல் இருக்க மரத்தால் முட்டுக் கொடுக்கும் வேலை அது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதோடு அவர் வேலையும் போயிற்று.

அவர் மகன் வயரிங் வேலை செய்கிறார். தங்கவயலில் பலர் விடியும் முன்பே ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இவர் அப்படிப் போகவில்லை. ஆண்டர்சன்பேட்டை, பேத்தமங்கலம், முல்பாகல் என்று சுற்றுப்பக்கத்து ஊர்களில் வேலை பார்க்கிறார். கருவிப் பையையும் ஒயர் சுருளையும் ஏற்றிக்கொண்டு போக ஒரு வண்டி வேண்டும். வண்டி நின்றால் அன்று கூலி இல்லை.

அவர் வைத்திருப்பது ஒரு பழைய புல்லட். புல்லட் கனமான வண்டி. பழைய வகையே 160 கிலோவுக்கு மேல் இருக்கும். 2023-இல் வந்த புல்லட் 350 வண்டி 195 கிலோ. இரண்டு நெல் மூட்டையை விடக் கனம். இதைத் தூக்கி நிறுத்துவதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

மரம் பேசியது

அன்று ஞாயிற்றுக்கிழமை. புல்லட்டின் செயின் தளர்ந்திருந்தது. செயினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, இறுக்க வேண்டும். அதற்குப் பின் சக்கரம் தரையில் படாமல் சுற்ற வேண்டும்.

வண்டியில் சென்டர் ஸ்டாண்டு இருந்தது. ஆனால் அது பழசு. ஸ்டாண்டு போட்டாலும் பின் சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

மகன் ஒரு வழி செய்தார். ஒரு கருங்கல்லை வைத்தார். கல்லின் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் ஒரு பழைய ஜாக்கி. ஜாக்கியை இன்ஜினுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். சக்கரம் மேலே வந்தது.

பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார்.

"என்னடா இது?"

"பத்து நிமிஷ வேலை நைனா. இதோ முடிஞ்சிடும்."

மகன் வண்டி ஓரமாகத் தரையில் படுத்து ஸ்பேனரைப் போட்டார். ஏழு வயதுப் பேத்தி தண்ணீர் டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

அப்போது "கிரீச்" என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். மகனுக்குக் கேட்கவில்லை. பெரியவருக்குக் கேட்டது.

"டேய், மரம் பேசுதுடா! வெளியே வா!"

சொல்லிக்கொண்டே பாய்ந்து பேத்தியைத் தூக்கினார். மகன் உருண்டு விலகினார். பலகை பிளந்தது. ஜாக்கி நழுவியது. 'டமார்' என்று வண்டி சாய்ந்தது. முன்விளக்கு உடைந்தது. கால் மிதி வளைந்தது. மகன் தலை வைத்திருந்த இடத்தில் கைப்பிடி கிடந்தது.

வீட்டில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மருமகள் குழந்தையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சுரங்கம் சொல்லித் தந்த பாடம்

மாலையில் பெரியவர் மகனைக் கூப்பிட்டார்.

"மைன்ல முட்டு மரம் உடையறதுக்கு முன்னாடி சத்தம் கொடுக்கும். அதைத்தான் மரம் பேசுதுன்னு சொல்வோம். அது பேசினா ஒரு நிமிஷம் நிக்கக்கூடாது. உன் பலகை இன்னைக்குப் பேசிச்சு. எல்லா நாளும் பேசும்னு நம்பாதே. ஜாக்கி நழுவினா சத்தமே வராது."

கோலார் தங்கச் சுரங்கம் உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் கீழே போனது. அவ்வளவு ஆழத்தில் மேலே இருக்கும் பாறையின் பாரம் மிக அதிகம். சில நேரம் பாறை வெடித்துச் சிதறும். அதில் பலர் உயிர் போயிருக்கிறது. அதனால் தங்கம் எடுத்த வெற்றிடத்தை அப்படியே விட மாட்டார்கள். மரத்தால் முட்டுக் கொடுப்பார்கள். கருங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்புவார்கள். வேலைக்குப் போகும் முன் கம்பியால் பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல பாறை 'கணீர்' என்று கேட்கும். தளர்ந்த பாறை 'டொக்' என்று கேட்கும்.

"தூக்கறது பாதி வேலைடா. தாங்கறது மீதி வேலை. நீ பாதி வேலையை முடிச்சிட்டு அடியில போய்ப் படுத்திருக்கே" என்றார் பெரியவர்.

"சரி நைனா. இப்ப என்ன செய்யலாம்?"

"நாமே ஒரு ஸ்டாண்டு செய்வோம். அதுக்கு முன்னாடி பழசு ஏன் கெட்டுதுன்னு பார்ப்போம்."

கடப்பாரை செய்யும் வேலை

ஒரு பெரிய கல்லைக் கையால் அசைக்க முடியாது. கடப்பாரையால் நெம்பினால் அசையும். ஏன்?

கடப்பாரையின் நீளம் 6 அடி என்று வைத்துக்கொள்வோம். கல்லுக்கு அடியில் முனையைக் கொடுக்கிறோம். முனையிலிருந்து 1 அடி தள்ளி ஒரு சின்னக் கல்லை அண்டைக் கொடுக்கிறோம். இப்போது கல் பக்கம் 1 அடி. நம் கை பக்கம் 5 அடி. நம் பக்கம் ஐந்து மடங்கு நீளம். அதனால் 100 கிலோ பாரத்தை 20 கிலோ அழுத்தத்தால் தூக்கலாம்.

இதற்கு நெம்புகோல் என்று பெயர். பாக்குவெட்டி, கிணற்று ஏற்றம், தராசு எல்லாமே நெம்புகோல்தான். இந்தக் கணக்கை கிரேக்க நாட்டு அறிஞர் ஆர்க்கிமிடீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கல் ஒரு விரல் உயர வேண்டுமானால் நம் கை ஐந்து விரல் இறங்க வேண்டும். பலம் குறைவாகக் கொடுத்தால் தூரம் அதிகமாகக் கொடுக்க வேண்டும். சும்மா எதுவும் கிடைக்காது.

சென்டர் ஸ்டாண்டும் ஒரு நெம்புகோல்தான். அதற்கு இரண்டு கால்கள். பக்கத்தில் காலால் மிதிக்க ஒரு கட்டை. ஸ்டாண்டின் பாதங்கள் தரையில் ஊன்றி நிற்கும். மிதி கட்டையை மிதித்தால் ஸ்டாண்டு நிமிரும். வண்டி மேலே ஏறும்.

ஸ்டாண்டின் மேல் 150 கிலோ பாரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதத்திலிருந்து பாரம் 9 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. மிதி கட்டை 27 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. மூன்று மடங்கு. ஆகவே 50 கிலோ அழுத்தம் போதும். 55 கிலோ எடை உள்ள ஒருவர் மிதி கட்டை மேல் ஏறி நின்றாலே வண்டி எழும்பும். கைப்பலம் வேண்டியதில்லை. உடம்பின் எடையே வேலையைச் செய்யும். ஸ்டாண்டு நிமிர நிமிர இன்னும் இலேசாகும்.

தாங்குவது எப்படி?

தூக்கிய வண்டி ஏன் திரும்ப இறங்காமல் நிற்கிறது?

ஒரு கம்பைத் தரையில் நேராக நிறுத்துங்கள். நிற்காது. எந்தப் பக்கமும் விழும். அதையே கொஞ்சம் சாய்த்துச் சுவரில் சார்த்துங்கள். நிற்கும். விழ நினைக்கும் பக்கத்தைச் சுவர் தடுக்கிறது.

ஸ்டாண்டும் அப்படித்தான். அதன் கால் செங்குத்தாக நின்றால் போதாது. பாதம் செங்குத்தைத் தாண்டிக் கொஞ்சம் முன்னே போக வேண்டும். அங்கே ஒரு இரும்புத் தடுப்பு அதை நிறுத்தும். வண்டியின் பாரமே ஸ்டாண்டைத் தடுப்போடு சேர்த்து அழுத்தும். அதனால் அசையாது.

இன்னொன்றும் உண்டு. அடுப்புக்கு எத்தனை கல்? மூன்று. மூன்று கல்லில் பானை ஆடாது. ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்கும் மூன்று கல் வேண்டும். ஸ்டாண்டின் இரண்டு பாதம் இரண்டு கல். முன் சக்கரம் மூன்றாவது கல். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பி இருக்கும்.

மகன் வைத்த ஜாக்கி ஒற்றைக் கல். ஒற்றைக் கல்லில் பானை நிற்குமா?

பழைய ஸ்டாண்டில் மூன்று குறை

பெரியவரும் மகனும் பழைய ஸ்டாண்டைக் கழற்றிப் பார்த்தார்கள். மூன்று குறை தெரிந்தது.

ஒன்று: ஸ்டாண்டை வண்டியோடு பூட்டும் ஓட்டை தேய்ந்து முட்டை வடிவம் ஆகிவிட்டது. அதனால் ஸ்டாண்டு ஆடியது.

இரண்டு: தடுப்பு தேய்ந்துவிட்டது. பாதம் அளவுக்கு மேல் முன்னே போனது. போகப் போக வண்டி தாழ்ந்தது.

மூன்று: பாதத்தின் அடி தேய்ந்து மெலிந்துவிட்டது.

பலர் இப்படிப்பட்ட ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு இரும்புத் துண்டை மட்டும் வெல்டிங் வைப்பார்கள். அது தவறு. ஓட்டையும் தடுப்பும் தேய்ந்திருக்கும்போது காலை மட்டும் நீட்டினால் ஆட்டம் கூடும். சரியான வரிசை இதுதான்: முதலில் ஓட்டை, பிறகு தடுப்பு, கடைசியில் உயரம்.

புது ஸ்டாண்டு செய்த விதம்

அதே லைனில் ஒரு முதியவர் இருக்கிறார். சுரங்கத்துப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். வீட்டுப் பக்கத்தில் கொட்டகை போட்டு வெல்டிங் வேலை செய்கிறார். மூவரும் சேர்ந்து வேலையில் இறங்கினார்கள்.

1. பழைய ஸ்டாண்டைத் தூக்கிப் போடவில்லை. அதையே மாதிரியாக வைத்து அளவு எடுத்தார்கள்.

2. லேத் கடையில் இரும்பு புஷ் கடைந்து ஓட்டையில் இறுக்கமாகப் போட்டார்கள். தேய்ந்த போல்ட்டையும் மாற்றினார்கள்.

3. கால்களுக்குக் கெட்டியான இரும்புக் குழாய் எடுத்தார்கள். தண்ணீர் வரும் மெல்லிய குழாய் இதற்கு உதவாது. வளைந்துவிடும்.

4. இரண்டு காலையும் இணைத்துக் குறுக்கே ஒரு கம்பி வைத்தார்கள். குறுக்குக் கம்பி இல்லாவிட்டால் கால்கள் விரிந்துவிடும்.

5. தடுப்புக்குப் புது இரும்புத் துண்டு வைத்தார்கள்.

6. முதலில் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் பொட்டு வைத்து ஒட்டினார்கள். வண்டியில் பூட்டிப் பார்த்தார்கள். பாதத்துக்கு அடியில் மெல்லிய பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். 2 சென்டிமீட்டர் கொடுத்தபோது பின் சக்கரம் சுமார் 3 சென்டிமீட்டர் எழும்பியது. அது போதும். அந்த 2 சென்டிமீட்டரைக் காலில் கூட்டினார்கள்.

"இன்னும் கொஞ்சம் உயரமா வைக்கலாமே அண்ணே?" என்று கேட்டார் மகன்.

"வேண்டாம் தம்பி. உயரம் கூடினா மிதிக்கறது கஷ்டம். வண்டியும் ஆடும். சக்கரம் சுத்தினா போதும்" என்றார் ஃபிட்டர்.

7. ஸ்டாண்டைக் கழற்றித் தனியாக வைத்து முழு வெல்டிங் செய்தார்கள். வண்டியில் பெட்ரோல் இருக்கிறது. வண்டியில் பூட்டியபடியே பொறி பறக்க வெல்டிங் வைப்பது ஆபத்து. பேட்டரியும் கெடலாம்.

8. பாதத்தின் அடியில் அகலமான தகடு வைத்தார்கள். அதன் ஓரத்தை மேல்நோக்கி வளைத்தார்கள். அப்போதுதான் வண்டி ஏறும்போது பாதம் உருளும். தரையில் புதையாது.

9. புது ஸ்பிரிங் மாட்டினார்கள். ஸ்பிரிங்கை அற்பமாக நினைக்கக் கூடாது. ஓடும் வண்டியில் ஸ்டாண்டை மேலே பிடித்து வைப்பது அதுதான். ஸ்பிரிங் அறுந்தால் ஸ்டாண்டு கீழே தொங்கி, மேட்டில் தட்டி, வண்டியையே கவிழ்த்துவிடும்.

முதல் சோதனை

வேலை முடிந்ததும் மகன் ஸ்பேனரை எடுத்தார். பெரியவர் தடுத்தார்.

"அவசரப்படாதே. முட்டு போட்ட உடனே அடியில போக மாட்டோம். தட்டிப் பார்த்துட்டுதான் போவோம்."

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். வெல்டிங் வைத்த இடங்களை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார்கள். விரிசல் இல்லை. பக்கத்திலிருந்து இலேசாகத் தள்ளிப் பார்த்தார்கள். சாயவில்லை. பின்னாலிருந்து அசைத்துப் பார்த்தார்கள். ஸ்டாண்டு தடுப்பில் நன்றாக உட்கார்ந்திருந்தது. ஒரு மணி நேரம் அப்படியே விட்டார்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடவில்லை. பிறகு மறுபடியும் பார்த்தார்கள். கால் வளையவில்லை.

"இப்ப போ" என்றார் பெரியவர்.

நீங்களும் கவனியுங்கள்

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றும்போது:

• தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். மண் தரையானால் பாதத்துக்கு அடியில் பலகைக் கல் போடுங்கள்.

• வண்டியின் முகம் பள்ளத்தைப் பார்த்து இருக்கக் கூடாது. வண்டி முன்னே உருண்டால் ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிடும்.

• கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

• வண்டியின் இடது பக்கம் நில்லுங்கள். இடது கை கைப்பிடியில். வலது கை பின்னால் உள்ள பிடியில். வலது கால் மிதி கட்டையில்.

• இரண்டு பாதமும் தரையைத் தொடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள். ஒரு பாதம் மட்டும் தொட்டால் வண்டி சாயும்.

• முதுகை வளைத்து இழுக்காதீர்கள். மிதி கட்டை மேல் உடம்பின் எடையை இறக்குங்கள். வண்டி தானாகப் பின்னோக்கி ஏறும். கை வழிகாட்டினால் போதும்.

ஏற்றிய பிறகு:

• முன் பிரேக் பிடியை அழுத்தி, சைக்கிள் டியூப் துண்டால் கட்டிவிடுங்கள். முன் சக்கரம் உருளாது.

• செயினைத் துடைக்கும்போது இன்ஜினை ஓட விடாதீர்கள். இது மிக முக்கியம். ஓடும் செயினில் துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். பல்சக்கரம் விரலை வெட்டிவிடும். இன்ஜினை நிறுத்துங்கள். சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். சக்கரத்தைக் கையால் கொஞ்சம் சுற்றுங்கள். நிறுத்துங்கள். பிறகு துடையுங்கள்.

• முன் சக்கரத்தைக் கழற்ற இந்த ஸ்டாண்டு மட்டும் போதாது. மூன்றாவது கல்லே போய்விடும் அல்லவா? முன்பக்கத்துக்குத் தனி முட்டு வேண்டும். துணைக்கு ஆள் வேண்டும். அதை மெக்கானிக் கடையில் செய்வது நல்லது.

• வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது யாரும் அதன் மேல் ஏறி உட்காரக் கூடாது. குழந்தைகளை விளையாட விடக் கூடாது.

• மாதம் ஒரு முறை ஓட்டையில் கிரீஸ் வையுங்கள். ஸ்பிரிங்கையும் வெல்டிங்கையும் பாருங்கள்.

மருமகள் மிதித்தார்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மகன் வீட்டில் இல்லை. வண்டியை அன்று வீட்டிலேயே விட்டுப் போயிருந்தார். வாசலைக் கழுவ வேண்டும். புல்லட் சைடு ஸ்டாண்டில் வழியை அடைத்து நின்றது.

"மாமா, அவர் வரட்டும். இவ்வளவு பெரிய வண்டியை நான் எப்படித் தூக்கறது?" என்றார் மருமகள்.

"நீ எத்தனை கிலோம்மா?"

"ஆஸ்பத்திரியில 56-ன்னு சொன்னாங்க."

"அப்ப போதும். நீ தூக்க வேண்டாம். மிதி."

பெரியவர் மறுபக்கம் வண்டியைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து அதைச் சுவர் ஓரம் நகர்த்தினார்கள். மருமகள் சேலையை இழுத்துச் செருகினார். கைப்பிடியைப் பிடித்தார். மிதி கட்டையில் கால் வைத்தார். முதல் தடவை ஒரு பாதம் மட்டும் தொட்டது. வண்டி ஆடியது. விட்டுவிட்டு மறுபடி நேராகப் பிடித்தார். இரண்டு பாதமும் 'டக்' என்று தரையைத் தொட்டன. எடையை இறக்கினார். வண்டி பின்னோக்கி ஏறி நின்றது.

பேத்தி கை தட்டினாள். பின் சக்கரத்தைச் சுற்ற ஓடி வந்தாள்.

"அங்கேயே நில்லு கண்ணு! அம்மா அசைச்சுப் பார்க்கட்டும்" என்றார் தாத்தா.

கணக்குப் போடுங்கள்

1. ஒரு கல் 120 கிலோ. கடப்பாரையில் கல் பக்கம் 1 அடி. கை பக்கம் 4 அடி. எத்தனை கிலோ அழுத்தம் வேண்டும்?

2. அந்தக் கல் 2 விரல் உயர வேண்டும். கை எத்தனை விரல் இறங்க வேண்டும்?

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில், வேலை இடத்தில் எதையெல்லாம் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் வேலை செய்கிறீர்கள்? அதற்கு எத்தனை 'கல்' இருக்கிறது?

2. மாட்டு வண்டி, டிராக்டர், கார் ஆகியவற்றைத் தூக்கும்போது என்ன முட்டுக் கொடுக்கிறார்கள்?

3. "தூக்குவது பாதி வேலை, தாங்குவது மீதி வேலை." இது வேறு எந்த வேலைக்குப் பொருந்தும்?

படித்து எழுதுங்கள்

நெம்புகோல், கடப்பாரை, முட்டு, தடுப்பு, பாதம், பாரம், அழுத்தம், செங்குத்து.